மார்த்தம்மாளும் கல்பாசியும்

வளையல் நிற்கவில்லை. செபஸ்தியம்மா பெரியம்மா ஒவ்வொரு கண்ணாடி வளையலாக எடுத்து மார்த்தம்மாளின் துடுப்புக்கையில் மாட்டுவார், அது வழுக்கிக்கொண்டு போய்ப் பாறையில் விழுந்து உடையும், கூட்டம் "ஆத்தீ" என்று மூச்சை இழுக்கும், பெரியம்மா அடுத்ததை எடுப்பார். உடைந்தது சகுனமா, வெறும் கண்ணாடியா என்று பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருக்க, பக்கத்துப் பாயில் அதே தட்டிலிருந்து வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மதினி பிரகாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. "தலைக்குப் போடுற ரப்பர் பேண்ட மாட்டுங்க பெரியம்மா, நின்னுக்கும்" என்றேன். மாட்டினார்கள், நின்றது, குலவை போட்டார்கள், மதினி மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார். சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போனதும் நானே அதைக் கழற்றிவிட்டேன். மார்த்தம்மாள் என்னைக் கடிக்கப் பார்த்தாள்.

மார்த்தம்மாள் கடல்நாய். எங்கள் ஊர் ஒத்தப்பாறைப்பட்டி, திண்டுக்கல் பக்கம், எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரைநாளுக்கு மேல் ஆகும். ஊருக்கு நடுவில் ஒரே ஒரு பாறை. யானை படுத்த மாதிரி என்பார்கள், எனக்குப் பாறை மாதிரிதான் தெரியும். அதன் உச்சியில் எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சுனை, சுனைக்குப் பக்கத்தில் வனத்துச் சின்னப்பருக்குக் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில், அதற்கு முன்னால் ஒரு மணி. ஆடிக் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஜெபம் சொல்ல மேலே போன உபதேசியார் ஞானாதிக்கம், சுனையில் சாம்பல் நிறத்தில் கொழுத்த உடம்பு ஒன்று மிதப்பதைப் பார்த்தார், அது அவரைப் பார்த்தது, மூக்கால் தண்ணீரை ஊதியது, மறுபடி பார்த்தது. அவர் சொல்ல வேண்டிய ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு இறங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தை அறிவிக்கிற அதே குரலில், "மேல ஒரு கடல்நாய் வந்துருக்கு" என்றார்.

எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. என்ன தின்னும் என்றுதான் கேட்டார்கள்.

மீன் என்றதும் ஊர் என் பக்கம் திரும்பியது. பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்துவிட்டவன் நான். யாரும் துரத்தவில்லை, வறுமையும் இல்லை, எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி அணை மீன் விற்கிறேன். கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் கடலைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்டார்கள், "எனக்குத் தெரியாது" என்று நான் சொல்வதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் ஜிலேபிக் கெண்டையைத் தொடவில்லை, ரோகுவைத் தலையோடு தின்றாள்.

எங்கள் ஊரில் புதிதாக வருகிற கன்றுக்குட்டிக்கும் மருமகளின் செல்ல நாய்க்கும் காலண்டரில் அன்றைக்கு யார் திருநாளோ அந்தப் பெயர்தான். அன்றைக்குப் புனித மார்த்தா. மதினிதான் அதற்குப் பின்னால் ஒரு "அம்மாள்" சேர்த்தார், நாய் என்று இனி எவனாவது சொன்னால் பல்லைக் கழற்றிவிடுவதாகவும் சொன்னார். ஏனென்றால் மார்த்தம்மாள் மாசமாக இருந்ததை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். மதினிக்கு இரண்டு முறை வயிற்றிலேயே போய்விட்டது. இது மூன்றாவது. அண்ணன் அருளப்பன் போர்வெல் வண்டியோடு எங்கேயாவது வெளியூரில் கிடப்பான், டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார், ஆனாலும் மதினி படியேறிப் போய் மார்த்தம்மாளின் வயிற்றையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவளுக்கு நல்லபடியாக ஆனால் தனக்கும் ஆகும், அவளுக்கு ஆகாவிட்டால் தனக்கும் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார். அதன்பிறகு அவரிடம் யார் என்ன பேச.

பச்சை ஜீப்பில் வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், பாறை தங்கள் பொறுப்பு, கடலில் வாழ்வது தங்கள் பொறுப்பில்லை என்றார்கள், எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்கள். ஊர் பொறுப்பை எடுத்துக்கொண்டது. கடலில் பிறந்தவள் உப்பில்லாமல் எப்படி இருப்பாள் என்று செபஸ்தியம்மா பெரியம்மா ஒருநாள் முந்தானை நிறையக் கல் உப்பு கொண்டுபோய்ச் சுனைக் கரையில் கொட்டினார். சின்னப்பருக்கு உப்பும் மிளகும் வைப்பது எங்களுக்குப் பழக்கம்தானே, அதனால் அது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. அடுத்த நாள் பத்து வீட்டுக்காரர்கள் கொட்டினார்கள், அதற்கடுத்த வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை தங்காதவர்கள், பிள்ளை படிக்காதவர்கள் எல்லாம் உப்புப் பொட்டலமும் மெழுகுவர்த்தியுமாக வெறுங்காலில் ஏறி வந்தார்கள், பாறை மழை பெய்யாமலேயே வெள்ளையாக மினுங்கியது, மெழுகு வழிந்து வழிந்து வழுக்கியது, என் மீனும் நன்றாக விற்றது.

அப்புறம்தான் கல்லூரியிலிருந்து அந்த அக்கா வந்தார், பெயர் யாழினி. மார்த்தம்மாளைப் பார்க்க வரவில்லை. எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்ப் பாறையில் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கல்பாசியைப் பார்த்தார்.

கல்பாசி எல்லோருக்கும் தெரியும், பிரியாணியில் போடுவோம். ஆனால் எங்கள் பாறையில் இருப்பது கடையில் கிடைக்கிற ரகம் இல்லை. ஓரம் சுருண்டு, மேலே சாம்பல், அடியில் கறுப்பு. யாரும் சுரண்டக்கூடாது, காற்றிலும் மழையிலும் தானாக உதிர்ந்ததைத்தான் பொறுக்க வேண்டும், அதுவும் சின்னப்பர் திருவிழாவின் ஆட்டுக்கறிச் சட்டிக்கு மட்டும். அந்த வாசனைக்காகவே வெளியூர் போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். யாழினி அக்கா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, இந்த ரகம் தனக்குத் தெரிந்து இந்தப் பாறையிலும் இன்னொரு மலையிலும்தான் இருக்கிறது, போன வருஷம் பார்த்ததில் இப்போது பாதிகூட இல்லை, கடல்நாய் வந்து புரண்டுதான் போயிருக்கும் போல என்றார். அவருக்கே அது நிச்சயமில்லை, குரலிலேயே தெரிந்தது. ஊருக்கு அந்தப் "போல" காதில் விழவில்லை.

சமையல்கார இன்னாசி மாமா அன்றைக்கே கரண்டியைத் தூக்கிவிட்டார். "பாசி இல்லாம நான் சட்டி ஏத்த மாட்டேன். அத வேற குளத்துக்கு ஓட்டுங்க." மதினி வாசலில் நின்று, "புள்ளத்தாச்சிய ஓட்டச் சொல்ற வாய்க்கு என்ன கெதின்னு தெரியுமா மாமா?" என்றார். தெருவுக்குத் தெரு பேச்சு முறிந்தது. ஒரே வீட்டில் மாமியார் கடல்நாய், மருமகள் கல்பாசி.

மற்ற ஊர்களில் இதற்கெல்லாம் பஞ்சாயத்து வைப்பார்கள். எங்கள் ஊரில் பட்டிமன்றம் வைப்போம். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து போர் போடுவதா குளம் தூர்வாருவதா என்பதுவரை எல்லாமே மேடையில்தான் முடிவானது. மற்ற இடத்து நடுவர்கள் மாதிரி இரண்டும் நல்லதே என்று நழுவ இங்கே விடமாட்டோம், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோற்ற அணி ஜெயித்த அணிக்கு ஒரு போகம் ஊழியம் செய்ய வேண்டும், அந்தப் போகம் முடிகிறவரை அந்த விஷயத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இதனால்தான் ஊர் சண்டையில்லாமல் இருக்கிறது என்பார் உபதேசியார். தப்பான இடத்தில் பஸ் நிற்பதும் இதனால்தான்.

இன்னாசி மாமாவுக்குச் சமைக்கத்தான் வரும், மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாசி அணிக்குப் பேச ஆள் இல்லை. உபதேசியார் என் தலையில் கட்டினார். "நீதான் எதையும் பட்டுனு சொல்றவனாச்சே." எதிரணியில் பேசப் போவது என் மதினி. வீட்டில் அன்று எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றவில்லை.

சின்னப்பர் திருவிழா அன்றைக்கே மேடை போட்டார்கள். நடுவர், மைக் செட்காரர் பன்னீர். ஊர் ஊராகப் பட்டிமன்றங்களுக்கு மைக் கட்டிக் கட்டி, எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டவர், மைக்குக்குச் சொன்னால் நடுவர் இலவசம். "காக்கப்பட வேண்டியது கடல்நாயே! கல்பாசியே!" என்று அவர் முழங்கியதும் விசில் பறந்தது.

மதினி எழுந்து வந்தார், ஒரு கையால் மைக்கையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டார். "அவ வயித்துல உசுரு இருக்கு" என்றார். "அவ்வளவுதான்." போய் உட்கார்ந்துவிட்டார். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போதே தோற்றுவிட்டேன், ஆனாலும் ஏறியாகிவிட்டதே, பேசினேன்.

"மார்த்தம்மாளுக்குக் கண்ணு இருக்கு, மீசை இருக்கு, நம்மளப் பாத்து மூக்கால ஊதுறா. பாசிக்கு மூஞ்சி இல்ல. அதான் அது சாகுறது நமக்குத் தெரியல. இவ ஒரு தடவ கத்துனா ஊரே எந்திரிக்குது, அது கத்தவே கத்தாது. ஆனா ரெண்டும் ஒண்ணுதான். இவ இனம் இருந்த கரையெல்லாம் படகு வந்துச்சு, வல வந்துச்சு, மனுசன் வந்தான், இவ ஒதுங்கி ஒதுங்கி எங்கயுமே எடமில்லாம இங்க வந்து படுத்துட்டா. பாசி இருந்த பாறையெல்லாம் கிரஷர் வந்துச்சு, தூசி வந்துச்சு, அதுக்கு ஓடக் காலு இல்ல, இருந்த எடத்துலயே செத்துச்சு. ஓடத் தெரிஞ்சது வந்து ஓடத் தெரியாதது பக்கத்துல படுத்துருக்கு. இதுல யார யார் வெரட்டுறது?"

"டேய் மீன்காரா, நீ எந்தக் கட்சிடா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"பாசிக் கட்சிதான். இன்னொண்ணு கேளுங்க. பாசின்னு ஒண்ணு இல்லயாம், ரெண்டு பேராம். ஒருத்தர் வீடு கட்டி ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிறாரு. இன்னொருத்தரு உள்ள உக்காந்து வெயிலப் பிடிச்சுச் சமைக்கிறாரு. பிரிச்சா ரெண்டும் காலி. யாழினி அக்கா சொன்னாங்க."

"அருளப்பனும் பிரகாசியும் மாதிரின்னு சொல்லு!" என்றார் இன்னாசி மாமா, மேடையில் வராத நாக்கு கீழே நன்றாகவே வந்தது. "அவனாவது பூமியத் தொளச்சுட்டுப் போயிருவான், சமையலு யாரு?" என்று பெரியம்மா கேட்க, ஊரே சிரித்தது, திருவிழாவுக்கு வந்திருந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான், மதினிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நடுவர் பன்னீர் சரியான இடத்தில் நிறுத்தி, "வயிறு... ஜெயித்தது!" என்றார். வெடி போட்டார்கள். அன்றைக்குக் கடையில் வாங்கிய கல்பாசியைப் போட்டுத்தான் கறி வெந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாசனை இல்லை.

தோற்றவனுக்கு ஊழியம் வந்தது. மார்த்தம்மாள் ஈனுகிறவரை பகலெல்லாம் மேலே நான் காவல் இருக்க வேண்டும், குட்டி பிறந்ததும் குருசடி மணியை அடிக்க வேண்டும், மணி கேட்டதும் ஊர் மொத்தமும், சொல்லி வைத்திருக்கிற சுற்றுப்பட்டி மொத்தமும், வீட்டுக்கு ஒரு படி உப்போடு ஏறி வந்து குட்டியை உப்பில் கிடத்திக் கடலின் பிள்ளையாக வரவேற்கும். செபஸ்தியம்மா பெரியம்மா அதற்குப் பாட்டுகூடக் கட்டிவிட்டார். மதினியைப் படியேறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் அவர் கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "மணி கேட்டாத்தான்டா சூச, எனக்கு மூச்சு வரும்" என்று தினமும் காலையில் சொல்லி அனுப்புவார்.

மேலே உட்கார்ந்தால் பார்க்க இரண்டே இரண்டுதான் இருந்தன. உட்காரப் பிடிக்காத நான் உட்கார்ந்து பார்த்தேன். மார்த்தம்மாள் சுனையிலிருந்து ஏறி வருவதற்கு ஒரே ஒரு தடம், அவள் வயிற்றகலம், அதைவிட்டு அவள் விலகியதே இல்லை. வந்து படுப்பதும் பாசியே பிடிக்காத ஒரு மொட்டைத் திட்டில். பாறை வெளுத்துக் கிடந்தது அங்கே இல்லை, படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்து அவளைச் சுற்றி அரைவட்டமாக, நாங்கள் நிற்கிற இடத்தில், உப்பு கொட்டுகிற இடத்தில், மெழுகு வழிகிற இடத்தில். விரலால் தொட்டேன், பாசி உப்போடு பொடியாக வந்தது. மிச்சம் உயிரோடு இருந்தது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முறம் அகலம், அவள் குறுக்கே கிடந்ததால் எங்கள் யாருக்கும் எட்டாத இடம்.

ஓடிப் போய் உபதேசியாரிடம் சொன்னேன். "அவ புரண்டு போகல, நம்மதான் கொன்னுருக்கோம். உப்பு கொட்டுறத நிப்பாட்டுங்க."

"தோத்தவன் பேசக் கூடாது சூசை."

"உண்மையாச்சே."

"அறுவடை முடியட்டும், அப்ப உண்மைய சொல்லு." அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிட்டுத் தூங்குகிற ஒரு மத்தியானம், தூறல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, மார்த்தம்மாள் முனகினாள், ஒரு பக்கம் சாய்ந்தாள், நான் குருசடிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு மூச்சைப் பிடித்தேன், எனக்கு ஆடு ஈன்று பார்த்துதான் பழக்கம், அதைவிடச் சீக்கிரம், ஒரு கறுப்புத் துணி மூட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை. கீழே கட்டிலில் கிடக்கிறவரை நினைத்தேன். மார்த்தம்மாள் திரும்பி மூக்கால் அதன் முகத்தில் ஊதினாள், மறுபடி ஊதினாள், அது தும்மியது, அப்புறம் ஆட்டுக்குட்டிக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு குரலில் கத்தியது.

கத்திக்கொண்டே அது அம்மா முதுகைச் சுற்றி நெளிந்து பின்னால் இருந்த கல்பாசி மேல் போய்ப் படுத்தது. மழையில் பாசி சாம்பல் நிறம் போய் முழுக்கப் பச்சையாக விரிந்து, காதுமடல் மாதிரி ஓரங்களை நிமிர்த்திக்கொண்டு மெத்தென்று இருந்தது. தாயின் வயிற்றை மோந்து தேடி அது பால் குடிக்க ஆரம்பித்தது. பாசி நசுங்கவில்லை. குட்டிக்கு உப்பு வேண்டியிருக்கவும் இல்லை.

மணிக்கயிற்றைக் கையில் பிடித்தேன். இழுத்தால் ஊர் வரும். முதலில் பிள்ளைகள், பிறகு பாட்டு, பிறகு உப்பு, ஆயிரம் கால். புதிதாக ஈன்ற ஆட்டைச் சுற்றிக் கூட்டம் போட்டால் அது குட்டியை ஒதுக்கிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் சேர்க்காது, எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அந்த முறம் அகலம் ஒரு சாயங்காலத்துக்குத் தாங்காது.

போனை எடுத்து மதினியைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"பொறந்துருச்சு மதினி. நல்லாருக்கு. பால் குடிக்குது."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அழுகை. நான் மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் காத்திருந்தேன்.

"பின்ன ஏன்டா மணி அடிக்கல?"

பாசி எதனால் போனது, குட்டி எங்கே படுத்திருக்கிறது, ஊர் ஏறினால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றவன் பேசக் கூடாதுதான். பேசினேன்.

"அவ முதுகுக்குப் பின்னாலயா?" என்று மெதுவாகக் கேட்டார் மதினி.

"ஆமா. அவதான் மறச்சுக்கிட்டுக் கெடந்துருக்கா."

பிறகு, "மூஞ்சி யாரு மாதிரி இருக்கு?"

"உபதேசியார் மாதிரி."

அவர் சிரித்தார், சிரிப்பில் இருமினார், "வயித்துல ஒதைக்குதுடா, இங்க, இப்ப" என்றார். "சூச, பெரியம்மா வாசல்ல நிக்காங்க, எதுக்குச் சிரிக்கிறன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"தூங்கப் போகச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மணி காற்றில் தானாக அடித்துக்கொள்ளாமலிருக்க அதன் நாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். குட்டி ஒருமுறை என்னைப் பார்த்தது, மூக்கால் ஊதியது, மறுபடி குடிக்கப் போய்விட்டது. பிறந்த உடனே மணியை அடி என்று ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. நான் அடிக்கவில்லை.